மலைவீட்டுத் தோட்டமும் பாடும் புட்களும்

கீழ் கோத்தகிரியில் மனை கட்டி வாழ்வோர், தேயிலைக்கு உதவாது எஞ்சிய சிறு நிலத்தையேனும் பூந்தோட்டமாக்கி, அதன்கண் வண்ணப் புட்கள் வந்து பாடக் கேட்க விரும்புதல் இயல்பே. விருப்பம் நன்று. அதனை நிறைவேற்றும் வழியிலேதான் நாம் சொல்ல வேண்டுவது சிறிது உண்டு.

கூண்டினைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து அடைத்தல் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம். பச்சைக்கிளியும் இதற்கு விலக்கன்று. தானியத் தட்டு வைப்பதும் இங்கு அத்துணைப் பயன் தராது. நம் மலையின் இன்னிசைப் பறவைகளிற் பல கனியும் தேனும் புழுபூச்சியும் தேடுவன. மலர்தோறும் தேனுண்ணும் தேன்சிட்டும் தன் குஞ்சுக்குச் சிலந்தியும் சிறு பூச்சியுமே ஊட்டும். ஆதலின், பூச்சிமருந்தை ஓயாது தெளித்துவிட்டுச் சிட்டு கூடு கட்டவில்லையே என்று வருந்துவதிற் பொருளில்லை.

எனவே, நாம் நடும் செடியே புட்களுக்கு அழைப்பாகும். இங்ஙனம் கூறியவுடன், எது விரைவிற் பூத்துக் காய்க்குமோ அதனையே வாங்கி வேலியோரம் நட்டுவிடுவார் பலர். இங்கேதான் தீங்கு பிறக்கின்றது. உண்ணிச்செடியைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகின் பொருட்டுக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற் கொணர்ந்து வைக்கப்பட்டது. இன்று முதுமலைக் காட்டில் யானைக்கும் மானுக்கும் புல் முளையாதபடி மண்டிக் கிடக்கின்றது. அதனைக் காட்டிற்குச் சுமந்து சென்றவர் யாவர்? அதன் கருங்கனியை விழுங்கிப் பறந்து, எச்சத்தோடு விதையை இட்ட கொண்டைக்குருவி முதலிய புட்களே. செஸ்ட்ரம் என்னும் மஞ்சட்பூச் செடியும் தோட்டங்களினின்று இவ்வாறே சோலைகளுட் புகுந்தது. மலைப்பிரசங்கத்துப் பறவைகளுக்கு விதைப்பு வேலை இல்லை. நீலகிரிக் கொண்டைக்குருவியோ ஓய்வறியா உழவன்!

கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்பினது. சுற்றூர்கள் பலவற்றிற்கு நீர் தருவது. 2024 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. அதனைக் காத்தல் வனத்துறையார் கடன், எம் வேலி எம் விருப்பம் என்று கூறுவாருளர். இஃது ஒவ்வாது. பறவைக்கு எல்லைக்கல் ஏது? நாம் வேலியில் நட்டதைச் சோலையில் அது விதைத்தே தீரும்.

அயல்நாட்டுச் செடி யாவும் தீதென்பது நம் கருத்தன்று. தேயிலைக்கிடையே நிற்கும் சில்வர் ஓக் மரமும் ஆஸ்திரேலியாவினின்று வந்ததே. அது பூக்குங்காலத்துத் தேன்சிட்டுகள் மொய்க்கின்றன. அதன் விதையையோ காற்றுத்தான் சுமக்கின்றது, பறவை சுமப்பதில்லை. கனிதரும் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே மிகுந்த விழிப்பு வேண்டும். சிறுவர் பறித்துத் தின்னும் தவிட்டுப்பழமும், முள் நிறைந்த ஊசிக்களாவும், சோலை நாவலும் இம்மலைக்கே உரியன. அவற்றின் விதை சோலையில் விழுந்தால் சோலையே வளரும். இவை மெல்ல வளர்வன என்பது உண்மை. பொறுக்க மாட்டாதார் பறவையையும் விரும்பலாகாது என்றே நமக்குத் தோன்றுகின்றது. மலையிலுள்ள பள்ளிகளும் தேயிலைத் தோட்டத்தாரும் இவற்றிற்கு நாற்றங்கால் வைத்தல் எளிது, வைக்கவும் வேண்டும்.

தோட்டத்தின் ஒரு மூலையைக் கத்தரிக்காது விடுதலும் இன்றியமையாதது. 1839 ஆம் ஆண்டில் ஜெர்டான் என்னும் மருத்துவர் விவரித்தெழுதிய நீலகிரிச் சிரிப்பான், இம்மலையையும் இதனையொட்டிய மலைகளையும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. தவிட்டுப்பழம் அதற்கு விருந்து. கூட்டமாய்க் கூடி நகைப்பதுபோற் குரலெழுப்பும் அப்புள், புதரினடியில் மறைந்து திரிவதேயன்றி வெட்டி ஒழுங்கு செய்த புற்றரையை விரும்புவதில்லை. மழையற்ற தை, மாசி மாதங்களில் அப்புதரின் அருகே ஆழமில்லா மண்தட்டில் நீர் வைக்கலாம். வீட்டிற் பூனையிருப்பின், பதுங்கிப் பாய இடமின்றித் தட்டினைச் சற்றே வெளியிற் தள்ளி வைத்தல் நலம்.