அனுப்புவது எளிது, படிப்பதுதான் பாடு

டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை நாள்பட நாள்பட ஓரம் தேய்ந்துபோகும், நடுவில் கறையும் படிந்திருக்கும். ஆனாலும் போனைக் காட்டியதும் பணம் போய்விடுகிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய இந்தக் குறியீட்டில் நான்கு பாதுகாப்பு நிலைகள் உண்டு. அவற்றில் உயர்ந்ததில், பதிந்துள்ள தகவலில் ஏறத்தாழ 30 சதவீதம் அழிந்தாலும் மீட்டுவிடலாம். இதற்கான பெருமை முழுவதும் வழக்கமாகக் குறியீட்டுக்கே போகிறது. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, சிதைந்ததைப் படித்துச் சரிசெய்யும் டீகோடிங் முறைக்குச் சேர வேண்டியது.

கறைபட்ட அந்த அட்டைக்குள் இருப்பது ரீட்–சாலமன் குறியீடு. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960இல் வெளியிட்ட ஐந்தே பக்கக் கட்டுரையில் பிறந்தது. அதன் அடிப்படை பள்ளிக் கணக்குதான். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் ஒரு நேர்கோட்டை வரைந்துவிடலாம். இரண்டோடு நிறுத்தாமல் அந்தக் கோட்டிலிருந்து நான்கு புள்ளிகளை அனுப்பினால், வழியில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். விலகி நிற்பது எது என்று தெரிந்துவிடும். நேர்கோட்டுக்குப் பதில் பெரிய பல்லுறுப்புக் கோவை, நான்கு புள்ளிகளுக்குப் பதில் 255 என்று வைத்துக்கொண்டால் நாசாவின் வாயேஜர் விண்கலங்கள் பயன்படுத்திய குறியீடு வந்துவிடும். அதில் 223 பைட் செய்தி, 32 பைட் காவல். எந்த 16 பைட் கெட்டாலும் மீட்கலாம்.

மீட்கலாம், சரி. எந்த 16 கெட்டது என்று யார் சொல்வது? 255இல் 16 இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் ஏறத்தாழ 25 சுழியம். நொடிக்கு நூறு கோடி வழிகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்குக்கூட முப்பது கோடி ஆண்டு பிடிக்கும். ஒரே ஒரு 255 பைட் தொகுதிக்கு இந்தக் கதி.

அந்தக் கட்டுரையால் உடனே பெரிய பயன் விளையாததற்குக் காரணம் இதுதான். பீட்டர்சன், கோரென்ஸ்டைன், சியர்லர் ஆகியோர் அறுபதுகளின் தொடக்கத்திலேயே சமன்பாடுகளின் வழியாகப் பிழையிடங்களைத் தேடும் பாதையைத் திறந்தார்கள். பிழைகள் பெருகினால் அந்தக் கணக்கும் கனத்தது. 1968இல் எல்வின் பெர்லகாம்ப் தன் நூலில் தந்த வழி வேறு மாதிரி. கெட்ட பைட்டுகளின் இடங்களையே மூலங்களாகக் கொண்ட ஒரு பல்லுறுப்புக் கோவையை அது படிப்படியாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் திருத்திக்கொண்டே போகும். மறு ஆண்டு ஜேம்ஸ் மாஸ்ஸி, இதை ஷிஃப்ட் ரிஜிஸ்டர் என்னும் எளிய மின்சுற்றாகப் பார்க்கலாம் என்று காட்டினார். கோடிக்கணக்கான ஆண்டு வேலை ஆயிரக்கணக்கான கூட்டல் பெருக்கலாகச் சுருங்கியது. 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி. கீறலைத் தாங்கியது, 1986 ஜனவரியில் ஏறத்தாழ 300 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர் அனுப்பிய யுரேனஸின் படங்கள் பிசிறில்லாமல் வந்து சேர்ந்தன. குறியீடு 1960இல் இருந்ததுதான். பயன்பாடு பிறந்தது டீகோடரோடு.

ராபர்ட் கேலகர் கதை இன்னும் கொடுமை. எல்.டி.பி.சி. என்ற குறியீட்டை அவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் 1960இல் முன்வைத்தார். பிட்டுகள் ஒன்றுக்கொன்று தங்கள் சந்தேகங்களைப் பரிமாறி, சில சுற்றுகளில் உண்மையை நெருங்கும் டீகோடிங் முறையும் அதிலேயே இருந்தது. அன்றைய கணினிகளால் அதை ஓட்ட முடியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு அநேகமாக எல்லோரும் மறந்துபோனார்கள். 1993இல் பிரான்சின் க்ளோட் பெரூ குழு டர்போ குறியீட்டோடு வந்து, பிழையின்றி எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று கிளாட் ஷானன் 1948இல் வகுத்த எல்லையைத் தொடும் தூரத்துக்குப் போன பிறகுதான், டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் கேலகரின் முறையைத் தூசி தட்டினார்கள். இன்று 5ஜி போனில் நாம் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் எல்.டி.பி.சி. வழியாகத்தான் வருகிறது. அதே 5ஜியின் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் காக்கும் போலார் குறியீட்டை 2009இல் தந்தவர் துருக்கியின் எர்டால் அரிகான். கேலகரிடம் படித்தவர். குருவின் அனுபவம் பாடமானதோ என்னவோ, சிக்கனமாக ஓடும் டீகோடரையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்!

இந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. பிழைகளின் எண்ணிக்கை காவல் பைட்டுகளின் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டினால் ஒரே விடை கிடைக்கும் என்ற உறுதி போய்விடும். அந்தச் சுவரைத் தாண்டி, பொருந்தக்கூடிய விடைகளின் சிறு பட்டியலை விரைவாகத் தரும் வழியை ரீட்–சாலமன் குறியீட்டுக்கு 1997இல் கண்டவர் சென்னையில் பிறந்த மது சூடன். இரண்டே ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்துச் சென்ற வெங்கடேசன் குருசாமி அவரோடு சேர்ந்து அந்த முறையை மேலும் வலுவாக்கினார்.

இவ்வளவு இருந்தும், நம் பொறியியல் வகுப்புகளில் பெரும்பாலும் இந்தப் பாடம் ஒரு நெடுவினாவுக்கான கைக்கணக்காகவே முடிந்துவிடுகிறது. ஏழு பிட் ஹாமிங் குறியீட்டுக்கு அட்டவணை, விடெர்பி முறைக்கு ஒரு வலைப்படம், அடுத்த அலகு. சின்னக் கணக்கில் எல்லா முறையும் வேகமாகத்தான் ஓடும். ஒன்று ஏன் கோடி ஆண்டு கேட்கிறது, மற்றொன்று ஏன் கண்ணிமைக்குள் முடிகிறது என்ற கேள்வியே மாணவருக்கு எழாது. சிப் வடிவமைப்பில் முன்னேறப் போகிறோம் என்று பேசும் நாட்டில் இது சின்னக் குறையல்ல. டீகோடிங் செலவிடும் மின்சாரமும் நேரமும் சிப்பின் வடிவத்தையே தீர்மானிப்பவை.

மாற்றுவதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மின்னணுவியல் துறைகள் ஒரு பருவத்தில் நான்கு வாரம் ஒதுக்கட்டும். மாணவர்கள் தாங்களே பெர்லகாம்ப்–மாஸ்ஸி டீகோடரை எழுதி, 255இல் 16 பைட்டை வேண்டுமென்றே கெடுத்து, மீட்டுக் காட்டட்டும். ஒரு லேப்டாப் போதும்.