வீட்டுக்குள் வந்த புகையிலை

புகையிலையை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். கத்தரியும் மிளகாயும் வளருகிற மண்ணில் புகையிலையும் வளரும். சொல்லப்போனால் கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்தான்.

ஆனால் வளரும் என்பது வேறு. வளர்க்க வேண்டும் என்பது வேறு. புகையிலையோடு ஒரே கூரையின் கீழ் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? கடையநல்லூருக்குப் போனால் தெரியும். அங்கே செடி இல்லை. தூள் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் செடியைப் பார்ப்போம்.

கடுகை விடச் சிறிய விதை

புகையிலை விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் தூசி என்று ஊதிவிடுவீர்கள். அவ்வளவு சிறியது. ஒரு கிராம் எடையில் 10 ஆயிரத்துக்கு மேல் விதைகள் இருக்கும். கடுகு அதற்கு முன்னால் பூசணிக்காய் மாதிரி!

அதனால் விதையை அப்படியே தூவ முடியாது. மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுவார்கள். குடத்தால் தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். பூவாளியால்தான் தெளிக்க வேண்டும். ஆறு, ஏழு வாரம் ஆனதும் நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவார்கள்.

செடி வளர்ந்து மொட்டு விடும் சமயத்தில் தலைக் கொழுந்தைக் கிள்ளி விடுவார்கள். பூவும் காயும் இலையின் சத்தைத் தின்றுவிடக் கூடாது அல்லவா? கொழுந்தைக் கிள்ளியதும் பக்கத்தில் கிளை விடும். அதையும் ஒடிக்க வேண்டும். ஒடிக்க ஒடிக்க மறுபடியும் விடும். புகையிலை போட்டவனுக்கு ஓய்வே கிடையாது.

இப்படிச் செய்வதால் இலை தடிக்கிறது. அதில் காரமும் ஏறுகிறது. அந்தக் காரத்தின் பெயர் நிகோடின். பூச்சி கடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தன் வேரில் செய்துகொள்ளும் விஷம் அது. 1828-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த போசெல்ட், ரைமான் என்ற இருவர் அதைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். பூச்சியை விரட்டச் செடி வைத்த விஷத்தைத்தான் மனிதன் காசு கொடுத்து வாங்கி வாயில் வைத்துக்கொள்கிறான்.

அறுவடை

நட்ட நாலு மாதத்தில் அறுவடை. இலையின் பச்சை வெளிறும். மேலே புள்ளி விழும். மடக்கினால் "படக்" என்று ஒடியும். அதுதான் பக்குவம்.

வெற்றிலையோடு போடுகிற புகையிலையைச் செடியோடு வெட்டுவார்கள். வயலிலேயே வாட விட்டு, பந்தலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிறகு போராக அடுக்குவார்கள். போருக்குள் சூடு ஏறும். சூடு மிஞ்சினால் இலை கெட்டுவிடும். ஆகவே பிரித்துப் பிரித்து அடுக்க வேண்டும். வாரக்கணக்கில் இந்த வேலை நடக்கும். யாழ்ப்பாணத்தில் இலைக்குப் புகை மூட்டம் போடுவார்கள். அந்தப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது.

நம் நாட்டில் திண்டுக்கல் பக்கம் புகையிலைக்குப் பேர் போனது. வேடசந்தூரில் 1948-ல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. 1943-ல் வெள்ளைக்காரன் புகையிலைக்கு எக்சைஸ் வரி போட்டான். எவ்வளவு நிலத்தில் பயிர் இருக்கிறது என்று விவசாயி அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இலை மீது இருந்த அந்த வரி 1979-ல்தான் போனது. ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் உரிமம் இல்லாமல் புகையிலை வளர்த்தால் குற்றம்.

செடி செய்யும் சேட்டை

வீட்டில் இரண்டு செடி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

புகையிலைக்கு ஒரு தேமல் நோய் வரும். உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் அதுதான். அது தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும். காய்ந்த புகையிலையிலும் சாகாமல் கிடக்கும். பீடி பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொட்டால் கூடத் தொற்றலாம்.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. பனி ஈரத்தோடு பச்சை இலையை ஒடிப்பவர்களுக்குத் தலை சுற்றும். வாந்தி வரும். தலைவலி மண்டையைப் பிளக்கும். பீடி, சிகரெட்டைத் தொட்டே அறியாதவருக்கும் வரும். ஏன்? இலையில் இருக்கும் நிகோடின் ஈரத்தில் கரைந்து தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர்.

புகைத்தால்தான் கெடுதல் என்று நினைத்திருக்கிறோம். தொட்டாலும் கெடுதல்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு கடையநல்லூருக்கு வாருங்கள்.

சுளகும் தூளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது கடையநல்லூர். கருப்பாநதி அணை பக்கத்தில். நெசவுக்குப் பெயர் வாங்கிய ஊர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த ஊர்க்காரர்கள் உண்டு. கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் பெண்களின் கைத்தொழில் பீடி சுற்றுவது.

பீடிக்கு வேண்டிய எதுவும் இங்கே விளைவது இல்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வருகிறது. தூள் கர்நாடகத்து நிப்பாணி, குஜராத் பக்கத்துப் புகையிலை. விளைவது எங்கேயோ, புகைப்பது எங்கேயோ! நடுவில் நம் வீட்டுத் திண்ணை.

இலையை நனைத்து வைக்க வேண்டும். தகட்டை வைத்துக் கத்திரியால் அளவாக வெட்ட வேண்டும். மடியில் சுளகு. சுளகில் தூள். ஒரு சிட்டிகை வைத்து, உருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்பது கணக்கு. சமையலும் துவையலும் போக மிச்ச நேரம் எல்லாம் இதற்கே. குனிந்த கழுத்து நிமிர்வதற்கு இரவு ஆகும்.

பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே கழிவு என்று ஒரு கணக்கு உண்டு. சரி இல்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பொத்தலும் கிழிசலுமாக இருந்தால் குறைந்த இலையைத் தன் காசில் வாங்கிப் போட வேண்டும். நஷ்டம் யாருக்கு? சுற்றியவளுக்கு.

சுளகில் இருந்து பறக்கும் தூள் எங்கே போகிறது? மூக்குக்குப் போகிறது. தொட்டிலுக்குப் போகிறது. சோற்றுப் பானைக்குப் போகிறது. அதே கையால்தான் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். அவள் பீடி குடிப்பவள் அல்ல. ஆனாலும் புகையிலை அவளை விடவில்லை.

பீடிக் கட்டில் இப்போது எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். 2016 முதல் பொட்டலத்தில் 85 சதவீத இடம் படத்துக்கு. நல்லதுதான். புகைப்பவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. சுற்றுபவளை யார் எச்சரித்தார்கள்?

சட்டம் இருந்தது

பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது. கூடத்தில் காற்றோட்டம் வேண்டும், வேலை நேரத்துக்கு அளவு வேண்டும், குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று எல்லாம் எழுதினார்கள். கூடத்தில் வேலை வைத்தால் இத்தனையும் செய்ய வேண்டும். வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? காற்றோட்டமும் அவள் பொறுப்பு. விளக்கும் அவள் செலவு. குழந்தையும் அவள் மடியில்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி வேலைக்குக் குழந்தையை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் சேர்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை நூல் கட்ட உட்கார்ந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி மீது சிறு வரி போட்டு, அதில் மருத்துவமனை, வீடு, படிப்பு உதவி கொடுத்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை ஏற்பட்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

பீடியை நாளைக்கே ஒழித்துவிட வேண்டும் என்று பேசுவது சுலபம். புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பீடி ஒரு நாள் ஒழியத்தான் வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் திண்ணைக்கு வேறு வேலை வர வேண்டும். வராமல் ஒழித்தால் அணைவது பீடி நெருப்பு மட்டும் அல்ல. அடுப்பு நெருப்பும்தான்.

அதுவரை கேட்க வேண்டியதைக் கேட்கலாம். தெருவுக்கு ஒரு பொதுக்கூடம் முதலாளிகள் செலவில் கட்டட்டும். தூள் வீட்டை விட்டு வெளியே போகட்டும். கெட்ட இலை கொடுத்துவிட்டுக் கழிவு என்று கூலியை வெட்டுவது நிற்கட்டும். சுற்றும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் அடையாள அட்டை இருக்கட்டும். அட்டை இருந்தால்தான் பிள்ளையின் படிப்பு உதவிக்கு மனுப் போட முடியும்.

தாய்மார்கள் இன்றைக்கே செய்யக் கூடியதும் உண்டு. சுளகைச் சமையல் கட்டில் வைக்காதீர்கள். குழந்தை தூங்கும் அறையிலும் வேண்டாம். மூக்கில் ஒரு துணி கட்டுங்கள். சுற்றும்போது கட்டுகிற சேலையைத் தனியாக வைத்து, தனியாகத் துவையுங்கள். மீந்த தூளை மூடி போட்ட டப்பாவில் உயரமாக வையுங்கள். சோறு பிசைவதற்கு முன்னால் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள்.