கடலில் ஆரஞ்சு, கையில் ஜாதகம்

சீனப் புத்தாண்டின் நிறைவான சாப் கோ மே இரவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் மணமாகாத பெண்கள் நல்ல துணை வேண்டி ஆரஞ்சு எறிவார்கள். சற்றுத் தள்ளி லிட்டில் இந்தியா. அங்கே ஜாதகப் பொருத்தம்.

இவற்றை உளவியல் எப்படி அளக்கும்? காதலை நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு என முக்கோணமாக 1986-இல் வரைந்தார் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் (சினிமா முக்கோணம் வேறு). மறு ஆண்டே ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள், தாயிடம் குழந்தை கொள்ளும் பற்றைக் காதலர் உறவிலும் கண்டார்கள். கூர்மையான கருத்துகள். ஆனால் இரண்டிலும் இருவர் மட்டுமே நடுவில். மாமியாரும் தாய்மாமனும் வாசலுக்கு வெளியே.

குடும்பம் முடித்துவைத்த மணங்களையும் அளந்தவர்கள் உண்டு. ஜெய்ப்பூரில் 50 தம்பதியரை ஆராய்ந்த குப்தா, சிங் இருவரும் 1982-இல் சொன்னது: ஆண்டுகள் கூடக் கூட காதல் மணங்களில் அன்பு இறங்குகிறது, பெற்றோர் முடித்துவைத்தவற்றில் ஏறுகிறது. பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் கல்யாணத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு. 50 ஜோடிகள் மிகக் குறைவு. ஒரே ஜோடியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வும் அல்ல.

2012-இல் அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் ரீகன் என்ற ஆய்வாளரின் குழு கேட்டபோது இருவகை மணத்துக்கும் அன்பில் வேறுபாடே தெரியவில்லை.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதே தீவில்தான் இருக்கிறது. லிட்டில் இந்தியாத் தம்பதியரைப் பத்தாண்டு தொடரும் ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும். கேள்விகள் தமிழில் இருக்கட்டும்.