பறைக்கும் வெட்டியா?

பொம்பளைங்க பறை அடிக்கிறாங்க என்று நோட்டீசில் போட்டால் கூட்டம் சேர்கிறது. கைதட்டல், சால்வை, போட்டோ எல்லாம் கிடைக்கிறது. முடிந்த பிறகு பஸ் காசுக்கு மேலே ஏதாவது கேட்டால் மட்டும், "நம்ம இயக்க நிகழ்ச்சிதானேம்மா" என்று ஒரு பதில். பெண்கள் குழு தொடங்கின வேகத்திலேயே ஏன் கலைஞ்சு போகுது என்று கேட்கிற தோழர்கள், இந்த இடத்திலிருந்து யோசிக்கணும் என்பது என் கருத்து.

ஊர் சேரியிடமிருந்து பறையை எப்படி வாங்கியது? சாவுக்கு அடி, சாமிக்கு அடி, தண்டோரா போடு. அதற்குக் களத்துமேட்டில் கொஞ்சம் நெல், எழவு வீட்டில் சாராயம். பேரம் பேச முடியாது. வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. இதுக்குப் பேர்தான் வெட்டி. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரிகள் மறுத்தபோது உதை விழுந்தது. அந்த மறுப்பிலிருந்துதான் பறை விடுதலை மேடைக்கு வந்தது. மேடை மாறிவிட்டது. ஓசி மாறியதா?

பறை என்கிற சொல்லில் நமக்குக் கூச்சமில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். இழிவென்று எறிந்த சொல்லை எடுத்து அச்சில் ஏற்றின துணிச்சல் அது. அந்தத் துணிச்சல் பறையைப் பெண் தோளில் மாட்டும்போது இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது. மாட்டுத்தோல் தீட்டு, எழவு தீட்டு, பொம்பளை தீட்டு. மூன்று தீட்டும் ஒரே தோளில். ஊர்க்காரன் மட்டும் முகம் சுளிக்கவில்லை. "நாங்க அடிக்கிறது போதாதா?" என்று சேரி ஆம்பளையும் கேட்டான். சாதி நம் தலையில் கட்டின வாத்தியத்தையும் ஆண் சொத்தாக ஆக்கி வைத்திருந்த சங்கதி அப்போதுதான் வெளியே வந்தது.

இதைத் தாண்டி நின்றவர்கள் இருக்கிறார்கள். 1990இல் திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பள்ளியை விட்டு நின்றவர்கள் அதில் பலர். பறையோடு ஒயில், கும்மி, கோலாட்டம் கற்றார்கள். கூடவே தையல் கற்றார்கள், சாதியையும் ஆணாதிக்கத்தையும் பற்றிப் பேசிப் படித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். நமக்கு முக்கியம் படம் இல்லை. ஆட்டத்தோடு ஒரு பெண்ணின் பிழைப்பையும் படிப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம்.

வடக்கே இன்னொரு பாடம். பாட்னா பக்கத்தில் தானாப்பூர், அங்கே டிப்ரா என்று ஒரு கிராமம். சுதா வர்கீஸின் நாரி குஞ்சன் அமைப்பின் துணையோடு 2016இல் தலித் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து சர்கம் மகளிர் பேண்டு அமைத்தார்கள். வயல் கூலிக்குப் போனவர்கள். டிரம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினபோது ஊர் சிரித்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் கூலி பேசி அடிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குக் காசு வந்ததும் சிரிப்பு அடங்கியது.

காஞ்சிபுரத்துக்கு வருவோம். பெண்ணின் சங்கீதம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. தனக்கோடி அம்மாள் பாடின ஊர் இது. ஆனால் தோல் வாத்தியம் என்று வந்தால், கருட சேவைக்குத் தவில் ஆனாலும், தெருக் கல்யாணத்துக்கு பேண்டு செட் ஆனாலும், ஆம்பளைங்கதான். பெண்ணின் உழைப்பை மறைக்கிற வித்தையை நம் தறியே காட்டும். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேணும். ஒருத்தர் நெய்ய, இன்னொருத்தர் பக்கத்திலிருந்து கரை நாடா தள்ளணும். அந்த இன்னொருத்தர் பல வீட்டில் பெண்டாட்டி, இல்லாட்டி மகள். சேலை இரண்டு பேர் நெய்தது, கூலி மட்டும் ஒருத்தர் பேரில். தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்ணுக்கோ ஷிப்ட். ஒரு நாள் நம் மேடைக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மாநாட்டுக்கு மைக் செட்காரருக்குக் காசு எடுத்து வைக்கிறோம், பந்தல்காரருக்கு எடுத்து வைக்கிறோம். பறையடிக்கிற பெண்ணிடம் மட்டும் தியாகம் கேட்பது என்ன நியாயம்?

காசு வந்தால் கலகம் போய் வியாபாரம் வந்துடும் என்கிறார்கள் சிலர். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். சாதித் தொழிலுக்கே திரும்பிப் போறதா என்று கேட்கிறவர்களின் கவலை நேர்மையானது. என் பதில் இதுதான்: மறுக்க முடியாதபோது அது சாதித் தொழில். எங்கே அடிப்பது, எங்கே அடிக்க முடியாது, என்ன கூலி என்று அடிக்கிறவளே முடிவு பண்ணினால் அது கலை.

ஆகவே வேலை பறை வாங்கிக் கொடுப்பதோடு முடிவதில்லை. கூலியை நோட்டீஸ் அடிக்கும் முன்னே பேசி முடிக்கணும். குழுவின் பணம் பெண்கள் பேரிலேயே வங்கியில் இருக்கணும். ஐப்பசி மழையில் தோல் தொய்ந்துபோகும். காய்ச்ச நெருப்பு, ஒத்திகைக்குக் கூரையுள்ள இடம், கிழிந்த தோலை மாற்றக் கொஞ்சம் சேமிப்பு வேணும். அம்பேத்கர் மன்றக் கட்டடம் கேரம் போர்டுக்கு மட்டுமா? வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறந்து விடுங்கள். அந்த நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் உலை வைப்பதும் தோழர் வீட்டு ஆம்பளை செய்ய வேண்டிய இயக்க வேலை. ராத்திரி நிகழ்ச்சி என்றால் வீட்டு வாசல் வரை வண்டி. ஒருத்தி கல்யாணமாகி வேற ஊர் போனால் குழு ஊனமாகாதபடி, எப்பவும் இரண்டு புதுப் பெண்கள் கற்றுக்கொண்டிருக்கணும்.

இதில் எதுவும் பெரிய தத்துவம் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் பெண் விடுதலை என்று மேடையில் பேசினால், ஊர் நம்மிடம் வாங்கின வெட்டியை நாம் நம் பெண்களிடம் வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம். அடுத்த கூட்டத்துக்குப் பறைக்குழுவைக் கூப்பிடப் போகிற தோழரே, தேதி சொல்லும்போதே கூலியையும் சொல்லுங்க.