அறையைக் காணுமுன் படியைக் காண்க

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ஊரிலிருந்து நமக்கு வரும் செய்திகளிற் பாதி ஒரே வகையாக இருக்கும். காசிக்குச் செல்லும் வழியில் தில்லியையும் பார்த்துவிட எண்ணுவதாக மைத்துனர் எழுதுவார். மகனுக்கு மும்பையில் நேர்முகத் தேர்வு என்று பெரியப்பா தெரிவிப்பார். “இரண்டு நாள் தங்க ஓர் அறை பாருங்கள், வாடகை மட்டும் மிகாமல் இருக்கட்டும்” என்று முடிவில் ஒரு வரி இருக்கும். இரண்டறை வீட்டில் எட்டுப் பேரைத் தங்கவைக்க இயலாது. ஆதலின் நிலையத்தை அடுத்த சந்துகளில் மலிவான விடுதியைத் தேடுகிறோம். இந்நாளில் நடந்து தேடுவதும் இல்லை. கைப்பேசியில் படத்தைப் பார்க்கிறோம்; படுக்கை விரிப்பு வெண்மையாக இருந்தால் பணத்தைச் செலுத்திவிடுகிறோம். அவ்விடுதிக்கு உரிமம் உண்டா, நள்ளிரவில் தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்காமல் விடுவதன் விலை என்ன என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும்.

2025 ஏப்ரல் 29 அன்று இரவு, கல்கத்தாவின் படாபஜாரை ஒட்டிய மெச்சுவா கடைத்தெருவில் ஒரு விடுதி தீப்பற்றியது. பதினான்கு பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நெருப்பால் அன்று, புகையால் மூச்சடைத்து இறந்தவர்கள். சுற்றுலா வந்த கரூர்ப் பகுதிக் குடும்பம் ஒன்றின் இரு குழந்தைகளும் அவர்களுடைய தாத்தாவும் அப்பதினால்வரில் அடங்குவர். அவ்விடுதியின் தீப்பாதுகாப்புச் சான்று காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்று தீயணைப்புத் துறையினர் பின்னர்த் தெரிவித்தனர். சாளரங்கள் அடைபட்டிருந்தமையால் புகை வெளியேற வழியில்லாமற் போயிற்று என்றும் செய்திகள் வந்தன.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2019 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில், தில்லி கரோல்பாக்கில் ஒரு விடுதி எரிந்து பதினேழு பேர் உயிரிழந்தனர். திருமணத்திற்காகக் கேரளத்திலிருந்து வந்த குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். இங்கே நாம் ஊன்றிக் காணவேண்டியது ஒன்றுண்டு. அவ்விடுதியிடம் தீயணைப்புத் துறையின் சான்று இருந்தது. அது காலாவதியும் ஆகவில்லை. ஆனால் நடைபாதைச் சுவர்களில் மரப்பலகை பதித்திருந்தனர். நெருப்பு அதன் வழியே விரைந்து பரவிற்று. அவசர வழியோ பூட்டிக் கிடந்ததாகச் செய்திகள் கூறின. தீ அணைந்த பின்னரே அச்சான்று நீக்கப்பட்டது.

முன்னதில் தாள் செத்திருந்தது. பின்னதில் தாள் உயிரோடிருந்தும் கட்டடம் மனிதரைக் காக்கவில்லை. ஆகவே நாம் வலியுறுத்துவது இதுதான்: தாளையும் பார்க்கவேண்டும், படியையும் பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

முதலில் தாளைப் பற்றிக் கூறுவோம். விடுதி நடத்துவதற்கு உரிமம் தரும் அதிகாரி ஊருக்கு ஊர் வேறுபடுவர். மும்பையில் மாநகராட்சி தருகிறது. தில்லியில் 2025 வரை காவல்துறையினரிடம் இருந்த அப்பொறுப்பு, அவ்வாண்டு ஜூன் மாதத்து ஆணைக்குப் பின் நகராட்சி முதலிய அமைப்புகளிடம் சென்றது. உரிமத்தில் மூன்றைப் படித்தாற் போதும்: விடுதியின் பெயரும் முகவரியும் வாயிற் பலகையோடு ஒத்திருக்கின்றனவா? ‘தங்கும் விடுதி’ என்ற தொழில் அதில் குறிக்கப்பட்டுள்ளதா? அது எந்நாள் வரை செல்லும்?

தீப்பாதுகாப்புச் சான்று தனி. தில்லியில் விடுதிகளுக்கு அது மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். மகாராட்டிரத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீத்தடுப்புக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்பதற்கு உரிமம் பெற்ற முகவரின் ‘பி’ படிவச் சான்றினை ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் அளிக்கவேண்டும். அண்மைய படிவம் எங்கே என்று மேலாளரைக் கேட்பதில் குற்றமொன்றும் இல்லை. ஒழுங்காக நடத்துபவர் எடுத்துக் காட்டுவார். முகம் சுளிப்பவர் விடையை முகத்திலேயே சொல்லிவிடுகிறார்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டமிட்டு மாட்டிய தாள்களெல்லாம் உரிமம் ஆகா என்பதையும் அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, வரி செலுத்துவதற்கானது. பதினான்கு இலக்க எண்ணுள்ள உணவுப் பாதுகாப்பு உரிமம், சமையற்கூடத்திற்கானது. கைப்பேசிச் செயலியில் விடுதியின் பெயர் இடம்பெற்றிருப்பதும், அதற்கு நான்கு நட்சத்திரம் விழுந்திருப்பதும், படிக்கட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தங்க வருபவரிடம் அடையாளச் சான்று கேளாமலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமலும் அறை தரும் விடுதி, தொல்லையற்ற விடுதியன்று. கணக்கில் வராத விடுதி.

இனிப் படிக்கு வருவோம். ஊரிலிருந்து வருபவரால் படத்தை மட்டுமே பார்க்க முடியும். இந்நகரில் வாழும் நம்மால் மாடியேறியே பார்க்க முடியும். வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் உறவினருக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுவே. மாலையில் பணி முடிந்து திரும்பும்போது கால்மணி நேரம் ஒதுக்கினாற் போதும்.

அறையைக் காட்டுமுன் படியைக் காட்டச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்க இரண்டு வழிகள் உள்ளனவா? இரண்டாவது வழியில் நீங்களே தெரு வரை இறங்கிப் பாருங்கள். பழைய மெத்தைகளும் தண்ணீர்ப் புட்டிப் பெட்டிகளும் அதில் அடுக்கியிருந்தால் அது வழியன்று, கிடங்கு. கதவில் பூட்டுத் தொங்கினால் “சாவி என்னிடம் இருக்கிறது” என்ற மேலாளரின் சமாதானத்தை ஏற்காதீர்கள். நள்ளிரவில் மேலாளர் எங்கிருப்பாரோ! அறையில் திறக்கக்கூடிய சாளரம் இருக்கிறதா, அதைக் கம்பியால் முழுவதும் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடைபாதையில் தொங்கும் தீயணைப்பு உருளையின் முள் பச்சைப் பகுதியில் நிற்கவேண்டும். படிக்கட்டின் கீழே எரிவாயு உருளைகளோ, மின்னேற்றம் செய்யும் வண்டிகளோ இருந்தால் திரும்பிவிடுங்கள். 2022 செப்டம்பரில் செகந்தராபாத்தில் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த மின்வண்டிக் கடையில் பற்றிய தீயின் புகை மேலேறி எட்டுப் பேரைக் கொன்றது.

வாடகை குறைவென்று நிலவறையில் அறை தந்தால் வேண்டாமென்று கூறிவிடுங்கள். 2024 ஜூலை 27 அன்று தில்லிப் பழைய ராஜேந்திர நகரில், பயிற்சிக் கூடம் ஒன்றின் நிலவறைப் படிப்பகத்தில் மழைவெள்ளம் புகுந்து மாணவர் மூவர் இறந்தனர். பொருள் வைப்பதற்கும் வண்டி நிறுத்துவதற்குமே அனுமதி பெற்ற இடம் அது.

நாம் இல்லாத ஊரில் அறை வேண்டுமானால் அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்து அன்பர் ஒருவரைக் கேட்கலாம். எவரும் இல்லையெனில் விடுதிக்கே தொலைபேசியில் பேசி உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லலாம். முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். யாத்திரைத் தலங்களின் விடுதிகள் பெயரில் போலி இணையப் பக்கங்கள் அமைத்துப் பணம் பறிப்பது பற்றி மைய அரசின் இணையக் குற்றத் தடுப்பு மையமே 2025இல் எச்சரித்திருக்கிறது. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

இருப்புப்பாதை ஊழியராகிய நாம் மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பெரிய நிலையங்கள் பலவற்றில் பயணிகளுக்கான ஓய்வறைகளும் பொதுப் படுக்கைக் கூடங்களும் உள்ளன. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டு உடையோர் அதன் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். ஓரிரவுத் தங்கலுக்கு அவற்றை முதலில் கேட்டுப் பார்ப்பது நன்று.

உறவினர் வந்து தங்கும் முதல் இரவில் அவர்களுக்கு இரண்டே சொற்கள் சொல்லிவையுங்கள். படுக்குமுன் அறைக்கதவிலிருந்து படிவரை எத்தனை கதவுகள் என எண்ணி வையுங்கள் என்பது ஒன்று. புகையில் விளக்கு தெரியாது, கை தடவி எண்ணலாம். தீயென்றால் மின்தூக்கியில் ஏறாமல், ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக் குனிந்து செல்லுங்கள் என்பது மற்றொன்று. எந்நகரிலும் 112 என்ற எண் உதவிக்கு வரும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனித்தனியே செய்வது கடினம் என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆதலின் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். அறை பார்த்து வந்த அன்பர் எவரும் விடுதியின் பெயர், வாடகை, உரிமமும் தீச்சான்றும் முடியும் நாள், இறங்கும் படிகள் எத்தனை, பார்த்த தேதி ஆகிய ஐந்தை மட்டும் எழுதினாற் போதும். அடுத்த கோடைக்குள் நாற்பது ஐம்பது விடுதிகள் அதில் ஏறிவிடும். அப்பொழுது மைத்துனரின் கடிதத்திற்குப் பதில் எழுதுமுன் நாம் புரட்டவேண்டியது ஒரு பக்கம் மட்டுமே.