மெல்லிய தகட்டுக்கு எந்த மிக்?

கேட்டின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டதா? நாமே ஒட்டுப்போடலாம் என்று சிறிய மிக் வெல்டிங் இயந்திரம் தேடுகிறீர்களா? கடைக்காரர் ‘200 ஆம்ப்’ என்று பெருமையாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, எவ்வளவு குறைவாக இறங்கும் என்பதை. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 30, 40 ஆம்ப் வரை இறங்காவிட்டால் ஓட்டைதான் விழும்.

கேஸ் இல்லாமல் ஃபிளக்ஸ் கம்பியில் மட்டும் ஓடும் மலிவு இயந்திரம் மெல்லிய தகட்டில் பாடாய்ப்படுத்தும். ஆர்கான் கலவை கேஸும் 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஏற்பதாகப் பாருங்கள். (சிலிண்டர் சேர்ந்தால் ‘5 கிலோதான்’ என்ற பேச்சு செல்லாது!) வீட்டு 13 ஆம்ப் பிளக்கில் ஓடுமா என்றும் கேளுங்கள்.

ஜிஐ தகடு என்றால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுத்து, காற்றோட்டமாக வெளியில் வேலை செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.