படகில் பெட்ரோலா? பத்திரம்!

பாலோ வட்டாரத்தில் தூண்டிலும் கையுமாகப் படகேறும் அன்பர்கள் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் சூழ்ந்தபோது, இயந்திரப் படகின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் படகில் ஏற்றும் பெட்ரோலைப் பற்றி இம்முறை சில வார்த்தைகள்.

தீப்பற்றுவது பெட்ரோலின் ஆவி. அது காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. கரையில் சிந்தினால் காற்றோடு கலைந்து போகும். படகோ ஒரு தொட்டி மாதிரி. ஆவி அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்!

ஆகவே, கேனைக் கரையில் இறக்கித் தரையில் வைத்தே நிரப்புங்கள். பெட்ரோலுக்கென்று செய்த கேனே வேண்டும். தண்ணீர்ப் போத்தல், சமையல் எண்ணெய் டின் கூடவே கூடாது. விளிம்புவரை ஊற்றாதீர்கள். 20 லிட்டர் பெட்ரோல், 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி விரியும். அதற்கு இடம் வேண்டாமா?

கேனை நிழலில், காற்றோட்டமான இடத்தில், உருளாமல் கயிற்றால் கட்டுங்கள். பலகைக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். பக்கத்தில் சிகரெட்டும் அடுப்பும் வேண்டாம்.

வாடை அடித்தால் இயந்திரத்தை முடுக்காதீர்கள். சிந்தியதைத் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, வாடை போனபிறகே கிளம்புங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும். உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீடு திரும்பியதும், மிச்சப் பெட்ரோலை அடுப்படியில் வைத்துவிடாதீர்கள். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.